எட்டாவது கலப்பு: ஐ.ஆர்.8 பிறந்த கதை

எங்கள் அப்பாயிக்கு அது 'ஐயாரெட்டு'. ஒரே மூச்சில் சொல்லிவிடுவார். அதில் எழுத்து எது, எண் எது என்று அவர் பிரித்துப் பார்த்ததில்லை. குதிரைவாலி, கிச்சிலி, ஐயாரெட்டு என்று ஊர்ப் பயிர்களின் பெயர்களோடு சேர்த்து அதையும் ஒரு பெயராக வைத்துக்கொண்டார். அவருக்கு அதன்மேல் கோபமும் உண்டு. "நெல்லு கொட்டுது, சரி. வைக்கலு முழங்கால் உசரம்கூட இல்லையே, மாட்டுக்கு எதைப் போடுறது, கூரைக்கு எதை வேயிறது?" என்பார்.

அந்தக் குட்டை வைக்கோலுக்குள்தான் கதை முழுவதும் இருக்கிறது என்று எனக்குத் தெரியப் பல ஆண்டுகள் ஆயின.

பெயரில் உள்ள எட்டு ஒரு வரிசை எண். 1962-ல் பிலிப்பைன்ஸ் நாட்டின் லாஸ் பானோஸ் என்ற ஊரில், சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனத்தில், 38 கலப்புகள் செய்தார்கள். அவற்றில் எட்டாவது இது.

கதையை லாஸ் பானோஸில் தொடங்கினால் பாதியை விட்டதாகிவிடும். கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

அன்று ஆசியாவின் நெற்பயிர் பெரும்பாலும் நெட்டைப் பயிர். மனிதரின் மார்பளவு, சில இடங்களில் அதற்கும் மேல் வளரும். அது ஒன்றும் குறையல்ல. வெள்ளம் வந்தால் தலையை வெளியே நீட்டிக்கொள்ளும், களையை நிழலில் அமுக்கிவிடும், மாட்டுக்கு வைக்கோலும் வீட்டுக்குக் கூரையும் தரும். உரம் அதிகம் போடாத நிலத்தில் அதைவிடப் பொருத்தமான பயிர் கிடையாது. ஆனால் தழைச்சத்தைக் கூட்டினால் அது கதிருக்குப் போவதற்குமுன் தாளுக்குப் போய்விடும். பயிர் இன்னும் உயரும். கதிர் பால் பிடித்துக் கனக்கும் நேரத்தில் ஒரு காற்று, ஒரு மழை வந்தால் போதும், வயல் முழுவதும் படுத்துவிடும். படுத்த பயிரில் பாதி பதர். மிச்சம் சேற்றில் கிடந்து முளைத்துப் போகும், இல்லாவிட்டால் எலிக்குப் போகும். உரத்துக்குச் செலவழித்தவன் போடாதவனைவிட நஷ்டப்பட்டான்.

1943-ல் வங்காளத்தில் லட்சக்கணக்கானோர் பஞ்சத்தில் செத்தார்கள். அதன் பிறகுதான் 1946-ல் கட்டாக்கில் மத்திய நெல் ஆராய்ச்சி நிலையம் வந்தது. அதன் முதல் இயக்குநர் கே. ராமையா, கோயம்புத்தூர் நெல் ஆராய்ச்சி நிலையத்தில் உருவான தமிழர். ஜப்பானிய நெல் குட்டையானது, உரத்தைத் தாங்கும். நம் நெல் நம் வெயிலையும் மழையையும் தாங்கும். இரண்டையும் கலந்தால் என்ன என்பதுதான் கேள்வி. ஐக்கிய நாடுகளின் உணவு வேளாண்மை அமைப்பு 1950-களின் தொடக்கத்தில் இதை ஒரு பன்னாட்டுத் திட்டமாகவே எடுத்துக்கொண்டது. ஆசிய நாடுகள் தங்கள் ரகங்களைக் கட்டாக்குக்கு அனுப்பும், கட்டாக் ஜப்பானிய ரகங்களோடு கலந்து, கிடைத்த விதையை அந்தந்த நாட்டுக்கே திருப்பி அனுப்பும். போரில் நொந்த, புதிதாக விடுதலை பெற்ற நாடுகள் ஒன்றுக்கொன்று விதைப் பொட்டலம் அனுப்பிக்கொண்ட அந்தக் காலத்தை நினைத்தால் இப்போதும் நெஞ்சு நிறைகிறது.

விளைவு குறைவுதான். தூரத்து உறவில் செய்த கலப்புகளில் பெரும்பாலானவை மலடாயின. கதிர் வரும், மணி பிடிக்காது. தப்பிப் பிழைத்த ரகங்களைக் கைவிட்டு எண்ணிவிடலாம். மலேசியாவில் மசூரி. தஞ்சாவூரில் ஏ.டி.டி.27. கோயம்புத்தூரில் தேர்ந்தெடுத்த ஜி.இ.பி.24-ஐயும் ஜப்பானின் நோரின் 10-ஐயும் கலந்து, ஆடுதுறையில் தேறிய ரகம் அது. 1960-களின் நடுவில் தஞ்சைக் குறுவையை மாற்றிப் போட்டது. ஐ.ஆர்.8 வருவதற்கு முன்பே நம் ஊரில் பல நாட்டுக் கைகள் சேர்ந்து பெற்ற ஒரு பிள்ளை வயலில் நின்றது என்பதை யாரும் நினைவில் வைத்துக்கொள்வதில்லை. எனக்கு அதில் ஆதங்கம் உண்டு.

இனி லாஸ் பானோஸ். 1950-களின் இறுதியில் அமெரிக்காவின் இரண்டு அறக்கட்டளைகள் கை கோத்தன. ராக்ஃபெல்லர் அறக்கட்டளைக்கு மெக்சிகோவில் கோதுமை, மக்காச்சோள ஆராய்ச்சி நடத்திய அனுபவம் இருந்தது. ஃபோர்டு அறக்கட்டளையிடம் பணம் இருந்தது. கட்டடங்களுக்கு ஏறக்குறைய 70 லட்சம் டாலரை ஃபோர்டு கொடுத்தது. நடத்தும் பொறுப்பை ராக்ஃபெல்லர் ஏற்றது. வேளாண் கல்லூரியை ஒட்டிய நிலத்தை பிலிப்பைன்ஸ் தந்தது. 1960-ல் நிறுவனம் பிறந்தது, 1962 பிப்ரவரியில் முறையாகத் திறந்தார்கள். ராபர்ட் சாண்ட்லர் என்ற மண்ணியல் அறிஞர் இயக்குநர். இந்தப் பணத்துக்குப் பின்னால் தருமம் மட்டுமே இருந்ததென்று சொல்ல மாட்டேன். பசித்த ஆசியா கம்யூனிசத்தின் பக்கம் போய்விடும் என்ற அமெரிக்க அச்சமும் அதில் கலந்திருந்தது. 1968-ல் 'பசுமைப் புரட்சி' என்ற சொல்லை முதலில் சொன்ன அமெரிக்க உதவி அமைப்பின் தலைவர் வில்லியம் காட், அதைச் சிவப்புப் புரட்சிக்கு எதிரிடையாகவே சொன்னார். இருந்தாலும் அங்கே போய்ச் சேர்ந்தவர்களைப் பாருங்கள். அமெரிக்காவிலிருந்து பயிர் வளர்ப்பாளர் பீட்டர் ஜென்னிங்ஸ், தைவானிலிருந்து மரபியலாளர் டி.டி. சாங், ஜப்பானிலிருந்து பயிர் உடலியலாளர் ஆகிரா தனாகா, இந்தியாவிலிருந்து உழவியலாளர் எஸ்.கே. தே தத்தா, அவர்களோடு வயலிலும் ஆய்வகத்திலும் நின்ற எண்ணற்ற பிலிப்பைன்ஸ் நாட்டவர். ஒரே நாட்டுக்காரர்கள் இந்த வேலையை இத்தனை விரைவில் முடித்திருப்பார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை.

தனாகா செய்த சோதனை ஒன்று எனக்கு மிகப் பிடிக்கும். நெட்டைப் பயிருக்கு உரம் போட்டு, அது சாயாதபடி மூங்கில் முட்டுக் கொடுத்துப் பார்த்தார். சாயாமல் நின்றால் அந்தப் பயிரும் கூடுதலாக விளைந்தது. அப்படியானால் பயிருக்கு விளைவிக்கும் வலு இல்லாமல் இல்லை, நிற்கும் வலுதான் இல்லை. ஆசியா முழுவதும் மூங்கில் நட முடியாது. முட்டுக்கொடுக்கும் வேலையைப் பயிரின் தாளே செய்ய வேண்டும். தேட வேண்டியது இன்னதென்று துலக்கமாகத் தெரிந்துவிட்டது.

குட்டைத் தாள் தைவானில் இருந்தது. சாங் தன் நாட்டு ரகங்களை அறிந்தவர். டீ-ஜியோ-வூ-ஜென் என்பது அந்தக் குட்டை ரகத்தின் பெயர். சீன மொழியில் 'குட்டைக்கால் கருமுனை' என்று பொருள். நெல்மணியின் நுனி கறுத்திருக்கும், தாள் குட்டையாக இருக்கும். எந்த விஞ்ஞானியும் வைத்த பெயரல்ல அது. வயலில் நின்று உற்றுப் பார்த்த யாரோ ஒரு விவசாயி வைத்ததாக இருக்க வேண்டும். மற்றதெல்லாம் ஓங்கி வளர்ந்து நிற்கையில் ஒரு குட்டைப் பயிர் கண்ணில் பட்டிருக்கிறது. அதைப் பிடுங்கி எறியாமல் விதைக்கு எடுத்து வைத்திருக்கிறார். தைவான் ஆராய்ச்சியாளர்கள் அந்தக் குட்டைக்காலைக் கொண்டு தைச்சுங் நேட்டிவ் 1 என்ற ரகத்தை 1956-லேயே வெளியிட்டிருந்தார்கள்.

தாயாகத் தேர்ந்தது பெட்டா. இந்தோனேசியாவில் உருவாகி, பிலிப்பைன்ஸில் பரவலாக இருந்த நெட்டை ரகம். நோயைத் தாங்கும், வீரியமாக வளரும், மணி பிடிக்கும், ஆனால் சாயும். பெட்டாவின் பெற்றோரில் ஒன்று சீன ரகம், மற்றொன்று லதிசாயில், வங்காளத்து நெல். ஆக எட்டாவது கலப்பு நடப்பதற்கு முன்பே சீனமும் வங்காளமும் ஜாவாவும் அந்தத் தாய்க்குள் இருந்தன.

நெல்லைக் கலப்பது பொறுமையின் வேலை. நெல் தன் மகரந்தத்தைத் தானே ஏற்றுக்கொள்ளும் பயிர். பூ விரிவதற்குள் மகரந்தம் சூல்முடியில் விழுந்துவிடும். அதனால் தாய்க் கதிரில் பூ விரிவதற்கு முன்பே ஒவ்வொரு பூவின் நுனியையும் சின்னக் கத்தரியால் நறுக்கி, உள்ளே இருக்கும் ஆறு மகரந்தப் பைகளையும் எடுத்துவிட வேண்டும். ஒன்று தவறினாலும் அந்த மணி கலப்பு ஆகாது. பிறகு கதிருக்குக் காகித உறை. வெயில் ஏறி, தந்தைக் கதிரில் பூ விரியும் முற்பகல் வேளையில், அதைத் தாய்க் கதிரின் மேல் பிடித்து மெல்லத் தட்ட வேண்டும். தூள் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் விழும். உறையை மறுபடி மூடிவிட்டுக் காத்திருக்க வேண்டும். எட்டாவது கலப்பில் கிடைத்தவை 130 மணிகள். உள்ளங்கைக் குழியில் அடங்கிவிடும்.

அந்த 130-ஐயும் விதைத்தார்கள். முளைத்ததெல்லாம் நெட்டை. ஒன்றுகூடக் குட்டை இல்லை. அதில் அவர்கள் மனம் உடையவில்லை, ஏனென்றால் குணம் ஒரு தலைமுறை ஒளிந்துகொள்ளும் என்று மெண்டலின் பட்டாணி கற்றுத் தந்திருந்தது. நெட்டைகளின் விதையை எடுத்து அடுத்த தலைமுறையில் சுமார் 10,000 பயிர் வளர்த்தார்கள். வயலில் நாலில் ஒன்று குட்டையாக நின்றது. மூன்றுக்கு ஒன்று என்ற அந்தக் கணக்கைக் கண்டதும் ஜென்னிங்ஸுக்கு விஷயம் புரிந்துவிட்டது. குட்டைத்தன்மை ஒரே ஒரு மரபணுவின் வேலை. பத்துப் பதினைந்து மரபணுக்கள் சேர்ந்து செய்யும் வேலையாக இருந்திருந்தால் அதைப் பிரித்தெடுக்க ஓர் ஆயுள் போதாது. ஒன்றுதான் என்றால் எந்த நாட்டு நெல்லுக்குள்ளும் அதைக் கொண்டுபோய் வைத்துவிடலாம். ஐ.ஆர்.8 என்ற ஒரு ரகத்தைவிட இந்தக் கண்டுபிடிப்பே பெரிது என்று நான் நினைக்கிறேன்.

நெட்டையையும், காலம் கடந்து விளைவதையும் கழித்தார்கள். மிச்சத்தை நோய் வரும் இடத்தில் வேண்டுமென்றே நட்டு, தாங்காததைக் கழித்தார்கள். 1963-ல் டெக்சாஸிலிருந்து ஹென்றி பீச்செல் வந்து சேர்ந்தார். நெல்லோடு பல்லாண்டு பழகியவர். நாலாம் தலைமுறை வரிசைகளுக்கு இடையே நடந்து பார்த்து, 288-ஆம் வரிசையில் மூன்றாவது பயிரைத் தேர்ந்தார். ஐ.ஆர்.8-288-3. அதுதான் பிறகு உலகம் முழுவதும் போனது.

1966-ன் கோடைப் பருவத்தில் தே தத்தா அதை வெவ்வேறு அளவு தழைச்சத்து போட்டு விளைவித்தார். ஹெக்டேருக்கு 9.4 டன் வந்தது. நம் கணக்கில் சொன்னால் ஏக்கருக்கு 60 கிலோ மூட்டை 60-க்கு மேல். அப்போது பிலிப்பைன்ஸ் விவசாயி சராசரியாக எடுத்தது ஹெக்டேருக்கு 1 டன்னுக்குச் சற்று மேல், அதாவது ஏக்கருக்கு ஏழெட்டு மூட்டை. உரமே போடாத பாத்தியிலும் புதிய நெல் கிட்டத்தட்ட 5 டன் கண்டது. இடுப்பளவே உயர்ந்து, கதிர் கனத்தும் தலை சாயாமல், இலைகள் வெயிலை நோக்கி நிமிர்ந்து நிற்கும் பயிர். அதுவும் நாற்றுவிட்டு நாலு மாதம், நாலரை மாதத்தில் அறுவடை. பழைய ரகங்களில் பல, பகல் குறுகும் பருவம் வந்தால்தான் பூக்கும். இது எப்போது நட்டாலும் பூக்கும். ஒரு போகத்துக்கு இரண்டு போகம் என்பது அதனால்தான் சாத்தியமாயிற்று.

1966 நவம்பர் 28-ல் முறைப்படி பெயர் வைத்தார்கள். அதற்கு முன்பே செய்தி பரவிவிட்டது. லாஸ் பானோஸுக்கு வரும் விவசாயிக்கு 2 கிலோ விதை இலவசம் என்று அறிவித்தார்கள். பஸ்ஸிலும் நடந்தும் சைக்கிளிலும் வந்தார்கள். அந்த ஆண்டு முடிவதற்குள் 2,359 விவசாயிகள் வந்து வாங்கிப் போனதாகக் கணக்கு இருக்கிறது. காப்புரிமை இல்லை, கட்டணம் இல்லை, கேட்ட நாட்டுக்கெல்லாம் பொட்டலம் போனது. விதையை இப்படிக் கை மாற்றிக்கொள்வது விவசாயிகளின் பழைய வழக்கம். ஒரு விஞ்ஞான நிறுவனம் அதே வழக்கத்தைக் கடைப்பிடித்ததுதான் இந்தக் கதையில் நான் தலை வணங்கும் இடம். இன்று ஒவ்வொரு விதைப் பொட்டலத்திலும் உரிமையாளர் பெயரைப் பார்க்கும்போது அந்த 2 கிலோ நினைவுக்கு வருகிறது.

வியட்நாமில் அதை ஹோண்டா நெல் என்றார்கள். நல்ல விளைச்சல் ஒன்று எடுத்தால் ஹோண்டா மோட்டார் சைக்கிள் வாங்கலாம். இந்தியாவில் 1965-ல் ஐதராபாத்தை மையமாகக் கொண்டு அனைத்திந்திய நெல் மேம்பாட்டுத் திட்டம் தொடங்கியிருந்ததால் புதிய விதையை ஊர் ஊராகச் சோதிக்க ஆள் இருந்தது. வட ஆர்க்காட்டு விவசாயி ஒருவர், தனக்குக் கிடைத்த விளைச்சலில் மகிழ்ந்து, பிறந்த மகனுக்கு ஐ.ஆர்.எட்டு என்றே பெயர் வைத்தார்.

சாப்பிட்டவர்கள் மட்டும் குறை சொன்னார்கள், அதில் நியாயம் இருந்தது. பருத்த, வெண்வயிறு பாய்ந்த அரிசி. ஆலையில் நொறுங்கும். சூட்டில் சாப்பிட்டுவிட வேண்டும், ஆறினால் விறைக்கும். காலையில் வடித்து மாலைவரை வைத்துச் சாப்பிடும் வீட்டில் அது பெரிய குறை. அப்பாயி அதைக் கூலிக்கு அளந்துவிட்டு, வீட்டுக்கு வேறு நெல்லை வைத்துக்கொண்டதைப் பார்த்திருக்கிறேன். அது எனக்கு அன்று தப்பாகத் தெரியவில்லை, இன்று தெரிகிறது.

பூச்சியும் நோயும் அதைவிடப் பெரிய கேடு. இலைக்கருகல் தாக்கியது. 1970-களில் புகையான் தாக்கியது. ஒரே ரகம் கண்ணுக்கு எட்டிய தூரம் நின்றால், ஒரு வயலில் இறங்கிய பூச்சி எல்லா வயலுக்கும் போகும். மருந்து அடிக்க அடிக்க, புகையானைத் தின்னும் சிலந்தியும் பொறிவண்டும் முதலில் செத்தன, புகையான் பெருகியது. இந்தோனேசியா 1986-ல் நெல்லுக்கு அடிக்கும் 57 மருந்துகளைத் தடை செய்தது. அதன்பின் உணவு வேளாண்மை அமைப்பின் துணையோடு, விவசாயிகள் வயலிலேயே உட்கார்ந்து எது பகைப்பூச்சி, எது நட்புப்பூச்சி என்று எண்ணிப் படித்த வயல்வெளிப் பள்ளிகள் அங்கே தொடங்கின. தொழில்நுட்ப உதவி என்றால் மேலிருந்து சொல்லிக்கொடுப்பது என்ற எண்ணம் மாறிய இடம் அது.

விளைச்சல் கூடியது, அது எல்லார் வீட்டுக்கும் ஒரே அளவில் போகவில்லை. உரமும் நீரும் வாங்க முடிந்தவன் முன்னால் போனான். தஞ்சைப் பகுதியில் புதிய நெல்லின் லாபம் களத்து மேட்டில் குவிந்தபோது, அறுத்தவர்கள் கூலியில் அரைப்படி நெல் கூட்டிக் கேட்டார்கள். அந்தக் கூலிப் பிரச்சினை முற்றி, 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் 44 பேர் எரிக்கப்பட்டார்கள். அந்தக் கொடுமையின் வேர் புதிய விதையில் இல்லை, நூற்றாண்டுகளின் சாதியிலும் நிலத்திலும் இருக்கிறது. ஆனால் நெல் பிறந்த கதையை எழுதும் நம் ஊர்க்காரன் அந்த அரைப்படியை விட்டுவிட்டு எழுத முடியாது.

ஐ.ஆர்.8-இன் ஆட்சி நீண்ட காலம் இல்லை. லாஸ் பானோஸில் அதன் குறைகளை ஒவ்வொன்றாகத் திருத்திக்கொண்டே போனார்கள். 1969-ல் ஐ.ஆர்.20 வந்தது. 1967-ல் அங்கே சேர்ந்த குருதேவ் குஷ் 1976-ல் ஐ.ஆர்.36-ஐக் கொண்டுவந்தார், பீச்செலும் அவரும் 1996-ல் உலக உணவுப் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள். இந்த நிறுவனத்தையும் மெக்சிகோவின் கோதுமை நிறுவனத்தையும் முன்மாதிரியாக வைத்து 1971-ல் பன்னாட்டு வேளாண் ஆராய்ச்சிக்கான கூட்டமைப்பு உருவானது. சாங் தொடங்கிய விதைக் களஞ்சியத்தில் இன்று ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட நெல் வகைகள் குளிரில் உறங்குகின்றன. போரில் விதையை இழந்த கம்போடியாவுக்கு அதன் சொந்த நெல் திரும்பிப் போனது அங்கிருந்துதான்.

குட்டைத்தன்மை தரும் அந்த ஒற்றை மரபணு எதுவென்று 2002-ல்தான் கண்டறிந்தார்கள். பயிரை உயரச் செய்யும் ஜிப்பரெலின் என்ற ஊக்கியைத் தயாரிக்கும் மரபணுவில் ஒரு துண்டு விடுபட்டிருந்தது. அந்த ஊக்கியின் தடயம் முதலில் கிடைத்ததும் தைவானில்தான். நாற்று அளவுக்கு மீறி ஓங்கி வளர்ந்து மடியும் ஒரு நோயை, ஜப்பானியர் 'முட்டாள் நாற்று' என்று அழைத்த நோயை, அங்கே ஆராய்ந்த குரோசாவா, பூஞ்சை சுரக்கும் ஏதோ ஒரு பொருள்தான் பயிரை நீட்டுகிறது என்று 1926-ல் காட்டினார். குட்டைக்கால் கருமுனையும் அதே தீவில் இருந்தது.

ஐ.ஆர்.20 எங்கள் பக்கம் சம்பாவுக்கும் தாளடிக்கும் நிலைத்துவிட்டது. சன்ன அரிசி, சோறு நன்றாக இருக்கும். பிலிப்பைன்ஸ் நெல் என்றே அதைச் சொல்வார்கள். அதன் தந்தை டி.கே.எம்.6. திருவள்ளூர்ப் பக்கம் திரூர்க்குப்பம் ஆராய்ச்சி நிலையத்து நெல். தண்டுத் துளைப்பானைத் தாங்கும் என்பதற்காக லாஸ் பானோஸில் அதைத் தேடி எடுத்தார்கள். டி.கே.எம்.6-இன் பெற்றோரில் ஒன்று கோயம்புத்தூரின் ஜி.இ.பி.24, ஏ.டி.டி.27-க்கும் அதுவே பெற்றோர். அப்பாயி வீட்டுக்கென்று ஒதுக்கி வைத்துக்கொண்ட நெல்லின் பெயரைப் பின்னால் ஒருமுறை கேட்டேன். "கிச்சிலி" என்றார். ஜி.இ.பி.24-ஐ எங்கள் பக்கம் அந்தப் பெயரில்தான் கூப்பிடுவார்கள்.